ஐம்பது தரம் ஆறு

(வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. அதிலே ஒரு பலசரக்குக் கடை. ரயில் போகும்போதெல்லாம் கடைக்குள் பேச்சு நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடரும். அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கடைக்காரர் சிவலிங்கம் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். தரம் 3 படிக்கும் பிள்ளையின் தாய் வதனி வருகிறார்.)

வதனி: அண்ணா, கணிதக் கொப்பி ஒன்று தாருங்கள். சதுரக் கோடு போட்டது.

சிவலிங்கம்: போன கிழமைதானே வாங்கினீர்கள்? பிள்ளை கொப்பியில் எழுதுகிறாளா, கொப்பியைத் தின்கிறாளா?

வதனி: பெருக்கல் படிக்கிறாள். ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டினால் அதுதான் பெருக்கல் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நான்கு தரம் மூன்று என்றால், மூன்றும் மூன்றும் மூன்றும் மூன்றும் பன்னிரண்டு. உடனே பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிவலிங்கம்: பிறகு?

வதனி: ஐம்பது தரம் ஆறு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, அடுப்பில் பருப்பைப் பார்க்கப் போனேன்.

சிவலிங்கம்: ஐயையோ!

வதனி: திரும்பி வந்து பார்த்தால், ஆறு கூட்டல் ஆறு கூட்டல் ஆறு என்று பக்கம் முழுவதும் ஆறு. அதன்மேல் தலையை வைத்துத் தூங்குகிறாள். கன்னத்தில்கூட பென்சில் கரியில் இரண்டு ஆறு பதிந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தொரு ஆறு.

சிவலிங்கம்: கன்னத்தில் இருந்ததையும் சேர்த்தா?

வதனி: சேர்க்காமல்! எழுப்பினேன். "எத்தனையாவது ஆறில் நின்றேன் அம்மா?" என்று கேட்டாள். எனக்கும் தூக்கக் கலக்கம், பதில் வரவில்லை. முதலிலிருந்து தொடங்கிவிட்டாள். கொப்பி அதோடு முடிந்தது.

சிவலிங்கம்: பிள்ளையில் பிழை இல்லையே. சொன்னதைத்தானே செய்திருக்கிறாள்.

வதனி: அதுதான் எரிச்சல். ஏசவும் வழியில்லை. கனடாவில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன். அவன் வாட்ஸ்அப்பில் ஒன்றை அனுப்பினான். அமெரிக்காவில் கீத் டெவ்லின் என்று ஒரு கணிதப் பேராசிரியராம். பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதை நிறுத்துங்கள் என்று 2008இலேயே ஆசிரியர்களுக்கு எழுதிவிட்டாராம்.

சிவலிங்கம்: வேறு என்ன சொல்ல வேண்டுமாம்?

வதனி: ஓர் அளவை இழுத்துப் பெரிதாக்குவது, சுருக்குவது என்று ஏதோ. தம்பி நீளமான குரல் பதிவு ஒன்றில் விளக்கினான். நானும் மகளும் சேர்ந்து கேட்டோம். இந்தமுறை இருவருமே தூங்கிவிட்டோம்.

சிவலிங்கம்: பேராசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். ஆனாலும் தங்கச்சி, எட்டு வயதுப் பிள்ளை கூட்டலில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். முதல் படியிலேயே பாயை விரித்துப் படுக்க விடக் கூடாது, அவ்வளவுதான்.

வதனி: என் பிள்ளை படுத்தேவிட்டாளே!

சிவலிங்கம்: இந்த முட்டைத் தட்டைப் பாருங்கள். முப்பது குழி. ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. ஆறை ஐந்து தரம் கூட்டினால் முப்பது. சரிதானே? இப்போது தட்டை இப்படித் திருப்புகிறேன்.

வதனி: அண்ணா, மெதுவாக! ஓரத்தில் ஒன்று ஆடுகிறது.

சிவலிங்கம்: ஆடட்டும். இப்போது ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. முட்டை கூடியதா, குறைந்ததா?

வதனி: இதுவரைக்கும் இல்லை. இன்னொரு தரம் திருப்பினால் உத்தரவாதம் தர முடியாது.

சிவலிங்கம்: உங்கள் கணக்கையும் இப்படித்தான் திருப்ப வேண்டும். ஆறை ஐம்பது தரம் கூட்டுவானேன்? (லாச்சியைத் திறந்து நோட்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக வைக்கிறார்.) ஐம்பது ரூபாய் நோட்டு. ஐம்பது, நூறு, நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றைம்பது, முந்நூறு. ஆறே நோட்டு. இதற்குள் யாருக்காவது தூக்கம் வந்ததா?

வதனி: காசைப் பார்த்து யாருக்குத் தூக்கம் வரும்? ஆனால் ஒன்று கேட்கிறேன். திருப்பினாலும் ஒன்றுதான் என்றால், நான்கு தரம் மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் மூன்று தரம் நான்கு என்று எழுதியதற்குப் பாடசாலையில் ஏன் பிழை போட்டார்கள்?

சிவலிங்கம்: நான்கு பிள்ளைகளுக்கு மூன்று மூன்று டொபி கொடுத்தாலும் பன்னிரண்டு. மூன்று பிள்ளைகளுக்கு நான்கு நான்காகக் கொடுத்தாலும் பன்னிரண்டு. மொத்தம் ஒன்றுதான் என்று அந்த நான்காவது பிள்ளையிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

வதனி: அது சரி. அதற்காகச் சிவப்புப் பேனையா? விடை பன்னிரண்டுதானே!

சிவலிங்கம்: சிவப்புப் பேனை அதிகம்தான். கதை கேட்டால் கதையைப் பார்க்கலாம், விடை கேட்டால் விடையைப் பார்க்கலாம். அது இருக்கட்டும், வாய்ப்பாடு பாடமா?

வதனி: பாட்டாகவே பாடுவாள். ஆனால் ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் ஓரெட்டிலிருந்து ஓடி வருகிறாள். நடுவில் தொலைபேசி அடித்தால் மறுபடியும் ஓரெட்டு.

சிவலிங்கம்: எட்டை ஏழு தரம் கூட்ட வேண்டாம். ஏழை இரட்டியுங்கள், பதினான்கு. மறுபடியும் இரட்டியுங்கள், இருபத்தெட்டு. இன்னொரு தரம், ஐம்பத்தாறு. மூன்றே பாய்ச்சல். இல்லாவிட்டால் ஐந்தெட்டு நாற்பது, ஈரெட்டுப் பதினாறு, இரண்டையும் சேர்த்தால் ஐம்பத்தாறு. நான் கல்லாவில் இருந்து செய்வதெல்லாம் இதுதான்.

(ரயில் போகிறது. சிவலிங்கத்தின் வாய் மட்டும் அசைகிறது.)

வதனி: என்ன சொன்னீர்கள்?

சிவலிங்கம்: அரிசி வேண்டாமா என்று கேட்டேன்.

வதனி: நாட்டரிசி இரண்டரைக் கிலோ. கிலோ என்ன விலை?

சிவலிங்கம்: இருநூற்று நாற்பது.

வதனி: இப்போது பிடித்தேன். இருநூற்று நாற்பதை இரண்டரைத் தரம் கூட்டுங்கள் பார்க்கலாம்! இரண்டு தரம் கூட்டலாம். அரைத் தரம் எப்படிக் கூட்டுவது?

சிவலிங்கம்: (பெருமூச்சுடன்) அங்கேதான் உங்கள் அமெரிக்கப் பேராசிரியர் சிரிக்கிறார். இரண்டு தரம் நானூற்று எண்பது. பாதி நூற்றிருபது. மொத்தம் அறுநூறு.

வதனி: பாதி என்பது கூட்டல் இல்லையே.

சிவலிங்கம்: இல்லைத்தான். நம்முடைய பழைய எண்சுவடியில் பின்னத்துக்கும் வாய்ப்பாடு இருந்தது. அரையை அரையால் பெருக்கினால் கால். காலைக் காலால் பெருக்கினால் வீசம், பதினாறில் ஒரு பங்கு. பெருக்கப் பெருக்கக் குறையும்! அதை மகளுக்கு இப்போதே சொல்லிவிடாதீர்கள். இன்னொரு கொப்பி போய்விடும்.

வதனி: சரி, கொப்பியையும் அரிசியையும் கணக்கில் எழுதுங்கள். மாத முடிவில் தருகிறேன்.

(சிவலிங்கம் கடன் கொப்பியைத் திறக்கிறார். வதனியின் பெயருக்குக் கீழே: பாண் 130, பாண் 130, பாண் 130, பாண் 130... பக்கத்தின் அடிவரை போய், மறுபக்கத்திலும் தொடர்கிறது.)

வதனி: அண்ணா! பதினான்கு பாணுக்குப் பதினான்கு வரியா? பதினான்கு தரம் நூற்று முப்பது என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாமே!

சிவலிங்கம்: எழுதலாம். ஆனால் ஒரு வரியைப் பார்த்து இதுவரை யாரும் கடனைக் கட்டியதில்லை, தங்கச்சி.