ஆயி மண்டபத்தின் கதையைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளோடு புதுச்சேரி பாரதி பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் தன்னோடு வந்தவர்களுக்கு, பூங்கா நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ராஜா ஒரு தாசி வீட்டைக் கோயில்னு நினைச்சுக் கும்பிட்டுட்டாராம்!" எல்லோரும் சிரித்தார்கள். அதோடு செல்ஃபி எடுக்கப் போய்விட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

கதை அதற்கப்புறம்தானே ஆரம்பிக்கிறது! 16-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் தெரிந்த, ஆயி என்பவளின் மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினாராம். விஷயம் தெரிந்ததும் கோபத்தில் இடிக்கச் சொன்னாராம். ஆயி கேட்டது ஒன்றுதான்: என் வீட்டை நானே இடித்துக்கொள்கிறேன். இடித்தாள். அதே இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். செவிவழிக் கதைதான், ஆனால் தலைமுறை தலைமுறையாக ஊர் விடாமல் சொல்லிவரும் கதை. ஆள் தெரியாமல் கும்பிட்டது ராஜா, வீட்டை இழந்தது அவள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சுமார் 300 வருஷம் கழித்து, பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்தில் குடிநீருக்குத் திண்டாட்டம். மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் லமைரெஸ் என்ற பொறியாளர், ஆயி குளம் வெட்டிய முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீரை இந்தப் பூங்கா வரைக்கும் கொண்டுவந்தார். அந்தத் தண்ணீரின் பூர்வீகத்தைக் கேட்டறிந்த பேரரசர், ஆயிக்கு மண்டபம் கட்டச் சொன்னார் என்பார்கள்.

ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, பக்கத்திலேயே சட்டப்பேரவை. 1761-இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய பிரெஞ்சுக் கோட்டை இருந்ததும் இந்த வட்டாரத்தில்தான். இத்தனை அதிகாரத்துக்கும் நடுவில் நிற்பது தண்ணீர் கொடுத்த ஒரு பெண்ணின் பெயர். இதைவிடப் பெருமையான அடையாளம் எந்த ஊருக்கு வாய்க்கும்?

மண்டபத்துக்கு வெள்ளையடித்தால் மட்டும் போதாது. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டிருக்கும் ஊர் இது. நம் பிள்ளைகளுக்கு இதைத் தண்ணீரின் கதையாகச் சொல்லவேண்டும். பள்ளிச் சுற்றுலா பூங்காவோடு திரும்பக் கூடாது, முத்திரையர்பாளையம் வரைக்கும் போகவேண்டும்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகள், "ஆயின்னா அம்மான்னுதானே அர்த்தம் மாமா?" என்றாள். ஆமாம் என்றேன். தாசி என்று சொல்லி இடிக்கச் சொன்னவர் ராஜா. ஊர் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுகிறது. அடுத்த லீவுக்கு அக்கா மகளை, ஆயி குளம் வெட்டிய ஊருக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.