வால்வைத் திருப்பத் தெரியும், ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை

ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு யார் வேண்டுமானாலும் அடிக்கல் நாட்டலாம், யார் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம். அதை அடுத்த முப்பது வருடம் ராத்திரி பகலாக ஓட்டப்போகிற ஆளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பம்ப் சப்ளை செய்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார், எந்த பட்டனை அழுத்தினால் எது ஓடும் என்று காட்டினார், வருகைப் பதிவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பல இடங்களில் பதில் இதற்கு மேல் நீளாது.

குடிநீரும் கழிவுநீரும்தான் என் பிழைப்பு. ஆய்வகத்தில் இருந்திருக்கிறேன், ஆலையில் இருந்திருக்கிறேன், பயிற்சி வகுப்பும் எடுத்திருக்கிறேன். பார்த்த வரையில் இந்தத் துறைக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. தண்ணீரைத் தொடாதவர்களைக் கருத்தரங்குக்கு அனுப்பும், தொடுகிறவர்களுக்குச் சான்றிதழ் மட்டும் கொடுக்கும். ஆப்பரேட்டருக்கு 'என்ன செய்யவேண்டும்' தெரிந்தால் போதும், 'ஏன்' என்பது இன்ஜினியரோடு நிற்கட்டும் என்று எல்லோரும் பேசாமலே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆற்று நீர் திடீரென்று கலங்கி வரும்போது முடிவெடுக்கிறவர் அந்த ஆப்பரேட்டர்தான். இன்ஜினியர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

வாக்கர்டனில் நடந்ததைத் தெரிந்துகொண்டவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஐயாயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில், பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டுச் சாணத்தின் கிருமிகள் ஊரின் ஐந்தாம் எண் கிணற்றுக்குள் இறங்கின. ஈ.கோலை ஓ157, கேம்பைலோபேக்டர் என்ற இரண்டும் குழாய் வழியே வீடுகளுக்குப் போயின. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். தண்ணீரில் எஞ்சிய குளோரினை தினமும் ஒழுங்காக அளந்திருந்தாலே ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கும், பாதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் அங்கே அளக்காமலேயே லிட்டருக்கு 0.5, 0.75 மில்லிகிராம் என்று தாளில் எழுதி வைக்கும் வழக்கம் வருடக்கணக்கில் நடந்திருக்கிறது.

பொய்க் கணக்கு எழுதினார்கள், தண்டனை பெற்றார்கள் என்று கதையை இங்கேயே முடித்துவிடலாம். நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையில் நடந்த விசாரணை அப்படி முடிக்கவில்லை. நிலையத்தை நடத்தியவர்களே அந்தக் கிணற்று நீரைக் குளோரின் இல்லாமல் குடித்துவந்தார்கள் என்று அது பதிவு செய்கிறது. ஊர்க்காரர்களும் குளோரின் வாடை அடிக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரைக் கெடுக்க நினைக்கிறவன் அதைத் தானே குடிக்க மாட்டான். அவர்கள் அது நல்ல தண்ணீர் என்று மனதார நம்பினார்கள். இத்தனைக்கும் அவர்களிடம் ஆப்பரேட்டர் சான்றிதழ் இருந்தது. மாகாணத்தில் சான்றிதழ் முறை வந்தபோது, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் என்ற கணக்கில் வகுப்பும் தேர்வும் இல்லாமலே கொடுத்துவிட்டார்கள். வருடத்துக்கு 40 மணிநேரப் பயிற்சி என்ற விதியும் இருந்தது. அதுவும் ஒழுங்காக நடக்கவில்லை.

எனக்கு இதில் உறுத்துவது 'அனுபவம்' என்ற வாதம். பல வருடம் ஒன்றும் நடக்காமல் போனதும் அனுபவம்தானே? குளோரின் குறைந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை என்றுதான் அந்த அனுபவம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பாடத்தை எதிர்த்து நிற்க வேறு ஒரு பாடம் வேண்டும், அதை யாரும் நடத்தவில்லை. ஒன்டாரியோ பிறகு அதே ஊரில், 2004இல், குடிநீர் ஆப்பரேட்டர்களுக்கென்றே ஒரு பயிற்சி மையம் தொடங்கியது. 7 உயிருக்குப் பிறகு.

சரி, 'ஏன்' என்று சொல்லிக்கொடுப்பதில் அப்படி என்ன இருக்கிறது? குளோரினையே எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், குறைந்தது 30 நிமிடத் தொடர்பு நேரம் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் கணக்கு. ஆப்பரேட்டர்கள் இந்த 0.5ஐ மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அதே வரியில் 'பிஹெச் 8க்குக் கீழே இருந்தால்' என்றும் ஒரு நிபந்தனை இருக்கிறது. பிஹெச் என்பது தண்ணீரின் அமில, காரத்தன்மையைக் காட்டும் எண். குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவமாகப் பிரிந்து நிற்கும். அதில் ஒன்றுதான் கிருமியை வேகமாகக் கொல்லும். பிஹெச் 7.5 பக்கம் அது ஏறக்குறைய பாதி இருக்கும், 8.5க்குப் போனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சோதனைக் குழாயில் நிறம் அதே இளஞ்சிவப்புதான், மீட்டரில் எண் அதே 0.5தான், ஆனால் தண்ணீரின் பாதுகாப்பு வேறு. இது தெரிந்தவர் பிஹெச் ஏறினால் தானாகவே டோஸைப் பார்ப்பார். தெரியாதவர் 0.5 என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பார். அவர் பொய் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

படித்த ஊர்களில் இதெல்லாம் நடக்காது என்று நினைத்தால், அமெரிக்காவின் மில்வாக்கி இருக்கிறது. 1993இல் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்ததாக மதிப்பிட்டார்கள். இந்த ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்லை, பெரும்பாலும் வடிகட்டித்தான் நிறுத்தவேண்டும். அந்த நிலையத்தில் முந்தைய வருடம்தான் அழுக்கைத் திரட்டிப் படியவைக்கும் ஆலம் என்ற படிகார ரசாயனத்தை விட்டுவிட்டு வேறு ஒன்றுக்கு மாறியிருந்தார்கள். ஏரி நீர் மோசமானபோது புது ரசாயனத்தை எவ்வளவு போடுவது என்பதற்குக் கைப்பழக்கமும் இல்லை, பழைய பதிவுகளும் இல்லை. ரசாயனத்தை மாற்ற ஒரு கையெழுத்து போதும், ஆளின் கை அதற்குப் பழக ஒரு வெள்ளக் காலமாவது வேண்டும். ஜாடிகளில் தண்ணீர் எடுத்து வெவ்வேறு அளவில் ரசாயனம் போட்டுப் பார்க்கும் ஜார் டெஸ்ட் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். பல நிலையங்களில் அந்தக் கருவி தூசி படிந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கழிவுநீர்ப் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் சுவாரசியம், இன்னும் மோசமும்கூட. நுண்ணுயிர்ச் சேற்றைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் முறையை ஆர்டனும் லாக்கெட்டும் மான்செஸ்டரில் 1914இல் வெளியிட்டார்கள். நூறு வருடம் தாண்டியும் உலகம் பெரும்பாலும் அதில்தான் ஓடுகிறது. அங்கே வேலை செய்வது நுண்ணுயிர்கள். ஆப்பரேட்டர் பார்ப்பது ஒரு வகையில் மாடு மேய்க்கும் வேலைதான்: தீனி, காற்று, எத்தனை உருப்படி இருக்கவேண்டும், எதைக் கழிக்கவேண்டும் எல்லாம் அவர் கையில். ஆனால் அவரை இயந்திரம் ஓட்டுகிறவராகத்தான் பணியில் எடுக்கிறோம்.

ஒரு நாள் அந்தச் சேறு, அதாவது ஸ்லட்ஜ், அடியில் படியவேண்டிய செட்டிலிங் டேங்கில் மேலே மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காரணம் இருக்கலாம். இழை நுண்ணுயிர்கள் பெருகிப்போய் ஸ்லட்ஜ் படியவே மறுக்கலாம். அல்லது நன்றாகப் படிந்த ஸ்லட்ஜ் அடியில் ரொம்ப நேரம் தங்கி, அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட் உப்பு நைட்ரஜன் வாயுவாக மாறி, குமிழிகள் அதைத் தூக்கிக்கொண்டு வரலாம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அசிங்கம்தான். காற்றூட்டும் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் ஊற்றி வையுங்கள். அரை மணி நேரத்தில் படியவே இல்லையென்றால் முதலாவது. அழகாகப் படிந்துவிட்டு, ஒரு மணி இரண்டு மணி கழித்து மொத்தமாக மேலே எழுந்தால் இரண்டாவது. குச்சியால் கிளறினால் குமிழி விட்டு மறுபடி இறங்கும். இரண்டாவது நோய்க்கு ஸ்லட்ஜைக் காற்றூட்டும் தொட்டிக்கு வேகமாகத் திருப்பி அனுப்பினாலே பெரும்பாலும் தீரும். அதை முதலாவது என்று நினைத்து, இழைகளைக் கொல்ல அந்தத் திருப்பி அனுப்பும் குழாயில் (ரிட்டர்ன் லைன்) குளோரினைக் கொட்டினால், அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் சாகும். அவை மெதுவாக வளர்கிறவை, மீண்டுவர வாரக்கணக்கில் ஆகலாம். ஒரு கண்ணாடிக் குடுவையும் ஒரு மணி நேரப் பேச்சும் போதும் இதைப் புரியவைக்க. எத்தனை இடங்களில் அந்த ஒரு மணி நேரம் நடந்திருக்கிறது?

தெரியாததால் தண்ணீர் மட்டும் கெடுவதில்லை, ஆளே போய்விடுகிறார். கழிவுநீரில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், எல்லோருக்கும் தெரியும். காற்றில் அதன் அளவு 100 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொடும்போது மூக்கே மரத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று சொல்கிற கணம்தான் மிக ஆபத்தான கணம். மேன்ஹோல் போன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல், விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இலேயே எச்சரித்தது. கண்ணெதிரே கூட்டாளி சுருண்டு விழும்போது 'இறங்காதே' என்பது மனித சுபாவத்துக்கே எதிரான பாடம். சுவரொட்டி ஒட்டி அதைக் கற்றுக்கொடுக்க முடியாது, திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்துத்தான் வரும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் பயிற்சி நடப்பதில்லை? பணம் இல்லை என்பார்கள். அது பாதி உண்மை. ஷிஃப்டுக்கு ஒருவர் என்று ஆட்களை இறுக்கிப் போட்டிருக்கும்போது ஒருவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினால் ஆலையை யார் பார்ப்பது? மாற்று ஆளுக்கான சம்பளம் எந்தப் பயிற்சி பட்ஜெட்டிலும் இருப்பதில்லை. அதனால் வகுப்புக்கு யார் வருகிறார்கள் என்றால், ஆலையில் இல்லாவிட்டாலும் ஒன்றும் நின்றுபோகாதவர். ஸ்லைடு பார்ப்பார், சான்றிதழ் வாங்குவார், பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையில் ஒன்று கூடும். அப்புறம் ஒப்பந்த முறை வேறு. ஆலையை ஓட்டும் ஒப்பந்தம் சில வருடத்தில் முடியும், அடுத்த ஒப்பந்தக்காரர் புது ஆட்களோடு வருவார். போகப்போகிற ஆளுக்கு எதற்குச் செலவு என்று இவரும், வந்த ஆள் கற்றுக்கொண்டுதானே வந்திருப்பார் என்று அவரும் நினைப்பார்கள். கேட்டால் இரண்டு பேரும் நியாயம் பேசுவார்கள்.

இது மாறாத தலையெழுத்து இல்லை. கம்போடியாவில் எக் சொன் சான் என்பவர் 1993இல் புனோம் பென் நகரக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பை ஏற்றபோது, உற்பத்தியாகும் தண்ணீரில் 72 சதவீதம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. போரும் வறுமையும் தின்றுவிட்ட நகரம். பின்னாளில் அந்த இழப்பு 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஆயிரம் இணைப்புக்கு 22 பேர் என்றிருந்த ஊழியர் கணக்கு சுமார் 4க்கு வந்தது. குழாய்களை மாற்றினார், மீட்டர் வைத்தார், வெளிநாட்டு உதவியும் கிடைத்தது, அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் அவர் கூடவே செய்தவற்றைப் பாருங்கள்: சம்பளத்தை உயர்த்தினார், இளம் ஊழியர்களைப் படிக்க வைத்துப் பொறுப்பில் உட்கார வைத்தார், கசிவைக் குறைத்த குழுவுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார். 2006இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. புனோம் பென்னைப் பார்க்கப் போகிறவர்கள் மீட்டரையும் குழாயையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

பதவி உயர்வு இல்லாத இடத்தில் 'தொழில்முறை வளர்ச்சி' என்று பேசுவது கேலிக்கூத்து. ஆப்பரேட்டராகச் சேர்ந்தவர் ஆப்பரேட்டராகவே ஓய்வு பெறுகிறார். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டால் வேலைப்பளு கூடும், சம்பளம் கூடாது. அப்படியிருக்க அவர் ஏன் கற்கவேண்டும்? அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஆலையின் அளவுக்கும் சிக்கலுக்கும் ஏற்ப ஆப்பரேட்டர் தரநிலைகள் இருக்கின்றன, தேர்வு எழுதி ஏறலாம். முறையில் ஓட்டைகள் இருக்கலாம், ஆனாலும் ஏறுவதற்கு ஒரு படியாவது இருக்கிறது.

பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். உலக வங்கி 28 நாடுகளில் 64 குடிநீர், கழிவுநீர் நிறுவனங்களைப் பார்த்து 2019இல் சொன்ன கணக்கில், ஊழியர்களில் பெண்கள் 18 சதவீதம்தான். ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் இருப்பார்கள், ஆலைத் தளத்தில் தேடவேண்டும். பல நிலையங்களில் அவர்களுக்கென்று கழிப்பறையும் உடை மாற்றும் அறையும்கூட இல்லை. சுகாதாரத்துக்காகவே இருக்கும் துறையில் இதுதான் நிலை என்றால் வேறென்ன சொல்ல?

இதற்கிடையில் ஒரு தலைமுறையே வெளியேறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் தண்ணீர்த் துறை ஆப்பரேட்டர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பத்து வருடத்துக்குள் ஓய்வு பெறும் நிலையில் இருப்பதாக அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொன்னது. எந்த வால்வு வரைபடத்தில் இருக்கிறது, ஆனால் நிஜத்தில் எங்கே புதைந்து கிடக்கிறது, எந்த ஃபில்டர், தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவும் பேக்வாஷுக்குப் பிறகும் அரை மணி நேரம் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவர்கள் தலையில் மட்டுமே இருக்கிறது. கடைசி வருடம் அவர்களை ஷிஃப்டிலிருந்து விடுவித்து, இரண்டு இளையவர்களை உடன் சுற்றவிட்டு, அதற்கென்று சம்பளமும் கொடுங்கள் என்று கேட்டால், 'அவ்வளவு ஆள் எங்கே இருக்கு?' என்கிறார்கள். அவர் போன மறுநாள் மட்டும் ஆள் எங்கிருந்து வருவார் என்று தெரியவில்லை.

அதுவரைக்கும் காசே செலவாகாத ஒன்றையாவது செய்யலாம். ஷிஃப்ட் லாக்புக்கில் டோஸ், ஓட்டம், கலங்கல் என்று கட்டங்கள் இருக்கின்றன. கூடவே 'ஏன் மாற்றினேன்' என்று ஒரு கட்டம் போடுங்கள். ஆப்பரேட்டர் தனக்கு வந்த மொழியில் ஒரு வரி எழுதட்டும். பொறுப்பு இன்ஜினியர் வாரம் ஒருமுறை உட்கார்ந்து அதைப் படித்து, சரியா தப்பா, வேறென்ன பார்த்திருக்கலாம் என்று கீழே பதில் எழுதட்டும். தப்பான காரணம் எழுதியதற்காக யாருக்கும் மெமோ கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அடுத்த வாரமே எல்லாக் கட்டத்திலும் 'நார்மல்' என்றுதான் இருக்கும். இதை நான் சொல்லும்போதெல்லாம் ஆப்பரேட்டர்கள் சரி என்கிறார்கள். தயங்குவது இன்ஜினியர்கள்தான், பதிலை அவர்கள் கைப்பட எழுதவேண்டியிருக்கும் அல்லவா.