23 கோடி ஆண்டுப் பங்காளித் தகராறு

(பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக மருமகள் மல்லிகா கூடத்தில் அட்டையை விரித்துப் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் வேலாயுதம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்க்கிறார்.)

வேலாயுதம்: ஏனம்மா, இது முதலைதானே? வயிறு தரையில் படவே இல்லையே. படம் தப்பு.

மல்லிகா: படம் சரிதான் மாமா. இது போஸ்டோசூக்கஸ். முதலைக்குப் பங்காளி முறை. கால்கள் உடம்புக்கு நேர் கீழே இருக்கும், தரையில் நடந்தே வேட்டையாடியது. டெக்சாஸில் போஸ்ட் என்ற ஊர்ப் பக்கம் கிடைத்தது. 1985இல் பெயர் வைத்தவர் சங்கர் சாட்டர்ஜி, கல்கத்தாவில் படித்தவர்.

வேலாயுதம்: (நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு) பங்காளி என்றால் தகராறு இருந்தாக வேண்டுமே. எதிர்த்தரப்பு யார்?

மல்லிகா: டைனோசர்.

வேலாயுதம்: பலே! மூலபுருஷன்?

மல்லிகா: ஆர்க்கோசர் என்ற ஊர்வன வம்சம். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையில் இன்று முதலை, மறு கிளையில் டைனோசரும் பறவையும்.

வேலாயுதம்: முதலை வகையறா, டைனோசர் வகையறா. சரி, பாகப்பிரிவினை எதில் பதிவாகியிருக்கிறது?

மல்லிகா: கணுக்காலில்.

வேலாயுதம்: எங்கே?

மல்லிகா: கணுக்காலில் மாமா. முதலைக் கிளையில் அங்குள்ள இரண்டு எலும்புகளில் ஒன்றின் முளை மற்றதன் குழியில் பொருந்தித் திரும்பும். டைனோசருக்கு அவை இரண்டும் கீழ்க்கால் எலும்போடு சேர்ந்துவிடும். பாதம் முன்னும் பின்னுமாக மட்டும் மடங்கும்.

வேலாயுதம்: நாற்பது ஆண்டாகப் பெருவிரல் ரேகைதான் வாங்கினேன். ஒருவனையாவது கணுக்காலைக் காட்டச் சொல்லியிருக்கிறேனா? ஆள்மாறாட்டம் வந்தால் என்ன செய்வார்கள்?

மல்லிகா: வந்ததே! நியூ மெக்சிகோவில் கோஸ்ட் ராஞ்ச் என்ற இடம். 1947, 1948இல் அங்கே டைனோசர் எலும்புகளைப் பாறையோடு பெயர்த்து, பிளாஸ்டர் கட்டி நியூயார்க் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதில் சில கட்டிகளை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் திறக்கவில்லை.

வேலாயுதம்: அங்கேயும் அப்படித்தானா! கேட்கவே ஆறுதலாக இருக்கிறது.

மல்லிகா: பிறகு ஸ்டெர்லிங் நெஸ்பிட் என்ற மாணவர் திறந்து பார்த்தார். உள்ளே இரண்டு காலில் நடந்த ஒரு பிராணி. வாயில் பல்லே இல்லை, அலகுதான். பார்த்த மாத்திரத்தில் யாரும் டைனோசர் என்றே சொல்வார்கள். கணுக்காலைப் பார்த்தால் முதலை வகையறா! 2006இல் எஃபிஜியா என்று பெயரிட்டார்கள்.

வேலாயுதம்: எதிரி வீட்டு வேஷம் போட்டுக்கொண்டு எதிரி கூட்டத்திலேயே செத்துக் கிடந்திருக்கிறது. கெட்டிக்காரப் பயல்.

மல்லிகா: வேஷம் அவனுடையது இல்லை மாமா. அந்த உடலமைப்பை முதலில் போட்டுப் பார்த்தவர்கள் முதலை வகையறாதான். நெருப்புக்கோழி போன்ற டைனோசர்கள் பல கோடி ஆண்டுகள் கழித்து வந்தன. 2008இல் ஸ்டீவ் புருசாட்டே என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கெடுத்தபோதும், ட்ரையாசிக் காலத்தில், அதாவது சுமார் 25 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, முதலைக் கிளையில்தான் உடல் வகைகள் அதிகம் என்று தெரிந்தது.

வேலாயுதம்: ஆக, சொத்து அப்போது யார் அனுபவத்தில் இருந்தது?

மல்லிகா: அர்ஜென்டினாவில் இஸ்கிகுவலாஸ்டோ என்ற இடத்தைப் பாருங்கள். 23 கோடி ஆண்டுப் பழைய பாறை. அங்கே முதலை வகையறாவில் சாரோசூக்கஸ், ஐந்து மீட்டருக்குக் குறையாது. அதே ஊரில் டைனோசர் தரப்பில் இயோராப்டர், மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும்.

வேலாயுதம்: இயோராப்டர் வாடகைக்குக் குடியிருந்ததா?

மல்லிகா: ஓடி ஒளிந்து குடியிருந்தது. ஆனால் ஹெர்ரெராசாரஸ் என்று ஒரு டைனோசர் அங்கேயே கொஞ்சம் பெரிதாகவும் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

வேலாயுதம்: வாதி தரப்புக்குப் பாதகமானதை நாமாகச் சொல்லக் கூடாதம்மா. மேலே போ. முதலை வகையறா சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்து வருகையில்...

மல்லிகா: 20 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு எரிமலை வெடித்தது. ஒன்று இரண்டு இல்லை. எல்லாக் கண்டங்களும் ஒட்டியிருந்த பாஞ்சியா பிளந்துகொண்டபோது, பிளவு நெடுகிலும் நெருப்புக் குழம்பு. அதன் பாறை இன்று பிரேசிலில் இருக்கிறது, மொராக்கோவில் இருக்கிறது, நியூயார்க்குக்கு எதிர்க்கரைச் செங்குத்துப் பாறைகளாகவும் நிற்கிறது. கரியமில வாயு ஏறி, பூமி கொதித்து, தரையில் நடந்த பெரிய முதலை உறவுகள் எல்லாம் போயின. சிறிய வகைகள் சில மட்டும் தப்பின.

வேலாயுதம்: டைனோசர்?

மல்லிகா: தப்பிவிட்டது. ஏன் என்று இன்றும் வாதாடுகிறார்கள். காற்றுப் பைகள் கொண்ட நுரையீரல் என்கிறார்கள், மேலே பஞ்சு போன்ற இறகு என்கிறார்கள்.

வேலாயுதம்: அதாவது சண்டை போடவில்லை, கிரயம் கொடுக்கவில்லை, கோர்ட்டுத் தீர்ப்பு இல்லை. பங்காளி வீடு தீப்பிடித்ததும் வேலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டது! இதைத்தான் பாடப் புத்தகத்தில் டைனோசர் வெற்றி என்று போடுகிறார்களா?

மல்லிகா: என்னை ஏன் முறைக்கிறீர்கள் மாமா? நான் எட்டாம் வகுப்பு அறிவியல்தான் எடுக்கிறேன்.

வேலாயுதம்: தப்பிப் பிழைத்த முதலைகளுக்குக் கடைசியில் என்னதான் கிடைத்தது?

மல்லிகா: சில தரையிலேயே இருந்தன, சில கடலுக்குப் போயின. பெரிதாகத் தலையெடுத்தவை ஆறும் கழிமுகமும் பார்த்துப் போனவைதான்.

வேலாயுதம்: நீர்நிலைப் புறம்போக்கு! பட்டா நிலத்தைப் பறித்துக்கொண்டு புறம்போக்கில் விட்டிருக்கிறார்கள்.

மல்லிகா: அந்தப் புறம்போக்கில் உட்கார்ந்துதான் பழி வாங்கின. இதோ, டைனோசூக்கஸ் என்ற ராட்சத முதலை. 8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வட அமெரிக்கா. 1858இல் எபனேசர் எம்மன்ஸ் வட கரோலினாவில் இரண்டே பற்களைக் கண்டு எழுதினார். 1940களில் டெக்சாஸ் எலும்புத் துண்டுகள் சிலவற்றை வைத்து, மீதியைப் பிளாஸ்டரில் நிரப்பி, கியூபா முதலையின் மாதிரியில் இரண்டு மீட்டர் மண்டை ஓடு செய்தார்கள். உடல் நீளம் 15 மீட்டர் என்றார்கள்.

வேலாயுதம்: பதினைந்தா!

மல்லிகா: இப்போது பத்து, பத்தரை என்கிறார்கள். நைஜரில் கிடைத்த சார்க்கோசூக்கஸுக்கும் அதே கதி. 12 மீட்டர் வரை சொன்னது ஒன்பது, ஒன்பதரைக்கு வந்துவிட்டது.

வேலாயுதம்: அது பிழைதிருத்தல் பத்திரம். பரப்பளவில் பிழை எங்கேயும் வரும். பழி வாங்கியதற்கு என்ன ஆதாரம்?

மல்லிகா: கடித்த தடம். டைனோசூக்கஸின் பின்பற்கள் கட்டையாக, மழுங்கி இருக்கும். கிழிப்பதற்கு இல்லை, நொறுக்குவதற்கு. அந்தப் பல் பதிந்த குழிகள் ஆமை ஓடுகளில் ஏராளம், டைனோசர் எலும்புகளிலும் உண்டு. ஆனால் உயிரோடு பிடித்ததா, செத்துக் கிடந்ததைத் தின்றதா என்று தடத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

வேலாயுதம்: எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேதான் பிடிப்பான். டி. ரெக்ஸைக் கடித்த தடம் ஏதாவது?

மல்லிகா: டைனோசூக்கஸ் மறைந்து பல லட்சம் ஆண்டுகள் கழித்துத்தான் டி. ரெக்ஸ் வந்தது. இரண்டும் சந்திக்கவே இல்லை.

வேலாயுதம்: (ஏமாற்றத்துடன்) வாய்தா வாங்கியே தப்பித்துவிட்டான். அது எவ்வளவு காலம் உயிர் வாழ்ந்தது?

மல்லிகா: ஐம்பது வயது வரை. முதுகுக் கவச எலும்பில் ஆண்டு வளையம் இருக்கும். 1999இல் எரிக்சன், புரோச்சு என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை எண்ணினார்கள். முப்பத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

வேலாயுதம்: உன் கணவனும் அப்படித்தான். பக்கவாட்டில்.

மல்லிகா: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) மாமா, உங்களுக்குச் சாட்சிதானே வேண்டும்? ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் வின்டன் பக்கம் ஒரு முதலை கிடைத்தது. இரண்டரை மீட்டர்தான். உயிர் வாழ்ந்தது 9 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. பாறையை உடைக்காமல் கதிர் செலுத்திப் படம் பிடித்தார்கள். வயிற்றுக்குள் ஒரு குட்டி டைனோசரின் எலும்புகள்! 2022இல் வெளியிட்டார்கள்.

வேலாயுதம்: சாட்சி பிரதிவாதியின்... இல்லை, நம் கட்சிக்காரரின் வயிற்றிலா? இதை வெளியில் சொல்லாதே. வழக்கே திரும்பிவிடும்.

மல்லிகா: அட்டையில் ஒட்டிவிட்டேனே.

வேலாயுதம்: சரி, போகட்டும். கண்காட்சியில் முதலை தரப்புக்கு நான் வந்து நிற்கிறேன். ட்ரையாசிக் சொத்துக்கு முறையாக விவரம் எழுதிவிடுவோம். வட அமெரிக்கச் சொத்து. நான்கெல்லை சொல். மேற்கே?

மல்லிகா: பெருங்கடல்.

வேலாயுதம்: கிழக்கே அட்லாண்டிக்.

மல்லிகா: அட்லாண்டிக் இன்னும் பிறக்கவில்லை மாமா. கண்டங்கள் ஒட்டித்தான் இருந்தன. கிழக்கே மொராக்கோ.

வேலாயுதம்: அமெரிக்காவுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் மொராக்கோவா? (பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகுகிறார்.) அம்மா, இதை நான் எழுதிக் கொடுத்தால் எந்தச் சார்பதிவாளரும் முதலையை விட்டுவிட்டு என்னைத்தான் பிடிப்பார்.