ஆண் கினிப் பன்றிகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டாம்
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் மூன்று ஆண் கினிப் பன்றிகளை (எலி இனத்தைப் போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) தத்தெடுக்க நினைப்பவரிடம், ஆண்கள் சேர்ந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும், தனித்தனியாகத்தான் வளர்க்கணும் என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள். மன்னிக்கவும், அது சரியில்லை. ஏற்கெனவே ஒத்துப்போகிற ஆண்கள், பக்கத்தில் பெண் இல்லாமல், தாராளமான இடமும் ஆளுக்கொரு ஒளிவிடமும் தண்ணீர்ப் புட்டியும் இருந்தால் சேர்ந்தே வாழும். இரண்டைவிட மூன்று கொஞ்சம் கடினம்தான், அதனால் இடம் இன்னும் கூட வேண்டும். உறுமிக்கொண்டு இடுப்பை ஆட்டுவது யார் பெரியவன் என்று பார்ப்பது, சண்டை இல்லை. ரத்தம் வந்தால் உடனே அவற்றைப் பிரித்துவிடுங்கள். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினிப் பன்றியைத் தனியாக வளர்ப்பதே சட்டப்படி கூடாது, அந்த விதியை யாரும் தேடிப் படிக்கலாம். டர்பனின் விலங்கு நலச் சங்கமான எஸ்பிசிஏவிலும் கேளுங்கள், அப்புறம் அந்த மூன்றும் ஒரே கூண்டில் எப்படிச் சாப்பிடுகின்றன என்று நேரில் போய்ப் பாருங்கள்.