ஊதா நிறம் வெளுத்தால் புற்றுநோய் குணமாகிவிடாது

ஒரு செடியின் சாற்றில் "புதிய அதிசய மூலக்கூறு" இருக்கிறது, அந்த மாத்திரையை எடுத்தால் புற்றுநோய் குணமாகும் என்று ஒருவர் பேசும் வீடியோ சுற்றுகிறது. அதைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ஒருவர் அதை எனக்கே அனுப்பி, "உங்க ஆராய்ச்சிதானே, வாழ்த்துகள்!" என்றார். அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. ஆமாம், அதில் காட்டும் வரைபடம் எங்கள் கட்டுரையில் உள்ளதுதான். அதை வைத்துக்கொண்டு வீடியோக்காரர் பேசுவது எதுவும் எங்கள் கட்டுரையில் இல்லை.

நாங்கள் செய்தது டிபிபிஎச் சோதனை. ஒரு சாறு ஆன்டிஆக்ஸிடன்டா, அதாவது ஃபிரீ ராடிக்கல் என்னும் எளிதில் வினைபுரியும் துகள்களை அடக்குமா என்று பார்ப்பது. டிபிபிஎச் என்பது மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதாவாக இருக்கும் ஒரு ஃபிரீ ராடிக்கல். செடியின் சாற்றைச் சேர்த்து அரை மணி நேரம் இருட்டில் வைத்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்று 517 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்போம். அவ்வளவுதான். டிபிபிஎச் மனித உடம்பில் இருக்கும் பொருளே அல்ல. குழாயில் நிறம் மாறுவதைக் காட்டி "உடம்பிலிருந்து நச்சு வெளியேறுகிறது" என்பது பச்சைப் பொய். பாலிஃபீனால் (செடிகளில் இயல்பாக இருக்கும் ஒருவகைச் சேர்மம்) நிறைய உள்ள செடி எதுவானாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

"புதிய அதிசய மூலக்கூறு" என்கிறாரே, அதுதான் எனக்கு வலிக்கிறது. இலையைக் காயவைத்துப் பொடித்து, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என்று கரைப்பான்களில் வரிசையாக ஊறவைத்து, சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி, ஒவ்வொரு பகுதியையும், சேர்மங்கள் பிரிந்து புள்ளிகளாகத் தெரியும் டிஎல்சி தகட்டில் ஓட்டிப் பார்த்தாள் என் மாணவி. கிலோ கணக்கில் இலை போட்டதற்குக் குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மஞ்சள் தூள். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனையின் முடிவு வந்தபோது அது குவெர்செட்டின், எத்தனையோ செடிகளில் இருப்பது. முகம் வாடிப்போய்விட்டது அவளுக்கு. ஆனாலும் "ஏற்கெனவே அறியப்பட்ட சேர்மம்" என்றுதான் கட்டுரையில் எழுதினாள். அந்த நேர்மையை எப்படி ஐயா உங்களுக்கு மறைக்க மனம் வந்தது?

பாரம்பரிய மருத்துவத்துக்கு நான் எதிரியாம், மருந்து கம்பெனியின் கைக்கூலியாம். செடியில் மருந்தே இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? சீன விஞ்ஞானி து யூயூ பழைய சீன மருத்துவ நூலில் இருந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் என்ற மருந்தைக் கண்டார். கொதிக்க வைத்தால் பலன் போகிறது என்று புரிந்து ஈதரில் குளிர்ச்சியாகப் பிரித்தார். 2015இல் நோபல் வந்தது. நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். அது ஆன்டிஆக்ஸிடன்ட் என்பதால் வேலை செய்யவில்லை. செல் பிரிவதையே தடுத்து நிறுத்துவதால் வேலை செய்கிறது. அளவு தப்பினால் உயிரையே எடுக்கும்.

"ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தால் நல்லதுதானே, கெடுதல் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. குழாயில் நல்ல பிள்ளையாக இருப்பது உடம்பில் போய் என்ன செய்யும் என்பதை மனிதரிடம் சோதித்துத்தான் சொல்ல முடியும். அமெரிக்க வேளாண் துறை உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் மதிப்பெண் பட்டியலை 2012இல் இணையத்திலிருந்தே எடுத்துவிட்டது. இப்படி விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

நிறம் வெளுத்தது. அதற்கு மேல் எதையும் நாங்கள் நிரூபிக்கவில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

இன்று காலை இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்கிறார், அம்மாவுக்குக் கீமோவை நிறுத்திவிட்டு அந்த மாத்திரை கொடுக்கலாமா என்று. கை நடுங்கிவிட்டது. வேண்டாம் தம்பி, எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன். இவரைப் போல் கேட்காமலேயே நிறுத்தியவர்கள் எத்தனை பேரோ. அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் என் நட்பு வட்டத்திலும் இருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதே அதை அழித்துவிடுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.