பொறியியல் மாணவருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது பற்றி

இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். ஆண்டுதோறும் வேலூர், ஆற்காடு பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து பயிற்சிக்கு மாணவர்கள் வருகிறார்கள். கணக்கில் கெட்டிக்காரர்களாக இருக்கும் அவர்களே, அன்று செய்த வேலையை அடுத்த ஷிப்டில் வருபவருக்குப் புரியும்படி பத்து வரியில் எழுதச் சொன்னால் திணறிப்போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நான் படித்த காலத்திலும் அதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

எங்களுக்கு முதலாண்டில் தொழில்நுட்ப ஆங்கிலம் என்று ஒரு தாள் இருந்தது. தொழிற்சாலையைப் பார்வையிட அனுமதி கேட்கும் கடிதத்தைக் கைடில் இருந்தபடியே மனப்பாடம் செய்து எழுதினோம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் அது அறிவியல் நடை ஆகிவிடும் என்று நம்பினோம். ஆய்வக ரெக்கார்டு நோட்டை மேல் வகுப்பு அண்ணன்மாரிடம் வாங்கி, நோக்கம் முதல் முடிவு வரை வரி மாறாமல் படியெடுத்தோம். சோதனை பிசகி விடை வேறாக வந்தால் அதை எழுத அந்த நோட்டில் இடமே கிடையாது. எழுதினால் கையெழுத்துக் கிடைக்காது. நடந்ததை நடந்தபடி எழுதக் கூச்சப்படும் பழக்கம் நான்கு ஆண்டுகளில் எங்களுக்குள் ஊறிவிட்டது.

அதன் விளைவை வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கண்டேன். தோலிலிருந்து முடியை நீக்கும் சுண்ணாம்பு நீரில் சல்பைடு இருக்கும். குரோம் பதனிடும் நீர் அமிலத் தன்மை கொண்டது. இரண்டும் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். குறைந்த அளவில் அது அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் நின்ற இடத்திலேயே விழுந்துவிடுவார். அதனால்தான் இரண்டு நீரையும் தனித்தனிக் குழாயில் கொண்டுபோகிறோம். ஒருநாள் இரவு பம்பு பழுதானதால் ஒரு லைனை, அதாவது குழாய்ப் பாதையை, தற்காலிகமாக மாற்றிவிட்டு, விடியற்காலையில் ஷிப்டு வேலையைப் பதியும் லாக் புக்கில், "தேவையான மாற்றம் செய்யப்பட்டு லைன் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி வைத்தேன். காலை ஷிப்டுக்கு வந்த ஆபரேட்டர் என் தந்தை வயதுக்காரர். அதைப் படித்துவிட்டு, பம்பைத் தொடாமல் என்னைத் தேடி வாசல் கேட்டுக்கே வந்துவிட்டார்: "சார், எந்த லைன்னு எழுதலையே. மூடினீங்களா, தெறந்தீங்களா?" எந்த லைன், யார் மாற்றினார், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றையும் என் வாக்கியம் விழுங்கியிருந்தது. கேட்கக் கூச்சப்படும் புதியவர் ஒருவர் அன்று அவர் இடத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இன்றும் எனக்கு உடல் நடுங்குகிறது.

அதன்பிறகு எங்கள் செயல்முறைக் குறிப்புகளைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது, தமிழ் வாக்கியத்தின் போக்கையே புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. "பம்பை இயக்குவதற்கு முன் வால்வைத் திறக்கவும்" என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கையில் ஸ்பேனரோடு நிற்பவர் கண்ணில் முதலில் படுவது "பம்பை இயக்கு" என்பதுதான். "முன்" என்ற சொல் வந்து சேர்வதற்குள் கை சுவிட்சுக்குப் போய்விடும். "முதலில் வால்வைத் திறக்கவும். பிறகு பம்பை இயக்கவும்" என்று எழுதினால் கண் போகும் வரிசையில் கையும் போகும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல் என்ற இந்தச் சின்ன ஒழுங்கை எந்தத் தாளும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பெரிய இடங்களிலும் எழுத்து இப்படிக் காலை வாரியிருக்கிறது. 2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு சிதறிய கொலம்பியா விண்ணோடத்தின் இறக்கையை, புறப்படும்போதே ஒரு நுரைத் துண்டு தாக்கியிருந்தது. ஓடம் பறந்துகொண்டிருந்தபோதே பொறியாளர்கள் அதை ஆராய்ந்து பவர்பாயின்ட் பக்கங்களில் காட்டினார்கள். அவற்றில் ஒரு பக்கத்தின் தலைப்பு ஆறுதலாக இருந்தது. தாக்கிய துண்டின் மதிப்பிட்ட கன அளவு 1,920 கன அங்குலம், அந்த ஆறுதலுக்கு ஆதாரமாகக் காட்டிய பழைய சோதனையில் பயன்படுத்தியதோ வெறும் 3 கன அங்குலம் என்ற உண்மை அதே பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. விபத்தை விசாரித்த குழு, முறையான தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதிலாக இத்தகைய பக்கங்களை நம்பிய வழக்கத்தையே கண்டித்தது.

நம் மாவட்டத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்து எழுதியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் அந்த எண் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்தில் அடங்கியது என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. பாலாற்றங்கரையில் மண் எடுத்துப் பார்த்தவர்கள் கண்டதைத் தெளிவாக எழுதி வைத்ததால்தான் அது டெல்லிவரை போய்ச் சேர்ந்தது.

2010இல் தமிழ்வழியில் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தொடங்கப்பட்டன. சில ஆண்டுகளாகப் பொறியியல் மாணவர்கள் முதலாண்டில் தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்ற தாள்களைப் படிக்கிறார்கள். இரண்டையும் மனமார வரவேற்கிறேன். அவற்றோடு, இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளிக்குத் தமிழில் ஒரு செயல்முறைக் குறிப்பு எழுதும் பயிற்சியையும் சேர்க்க வேண்டும் என்பதே நான் ஆசிரியர்களிடம் வைக்கும் வேண்டுகோள். ரசாயன டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தாளில் 16 பிரிவுகள் இருக்கின்றன. எங்களுக்கு வருபவை அத்தனையும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அந்த டிரம்மைத் திறப்பவர் படிப்பதோ தமிழ். இடையில் இருக்கும் பொறியாளர்தான் அதை எழுதித் தர வேண்டும்.

என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் வைக்கும் தேர்வு ஒன்றே ஒன்றுதான். பம்பு மாற்றும் முறையை ஒரு பக்கத்தில் எழுதி ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு, அவர் அதைப் பார்த்து வேலை செய்யும்போது வாய் திறக்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். நீர் ஓடாத லைனில்தான் இதைச் செய்கிறோம். சென்ற முறை வந்த மாணவி ஒருவர், நான்காம் வரியில் ஆபரேட்டரின் கை நின்றதைப் பார்த்துவிட்டுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து, "சரியான அளவு" என்று எழுதியிருந்த இடத்தில் மீட்டரில் தெரிய வேண்டிய எண்ணை எழுதினார். மறுபடி கொடுத்தபோது கை எங்கும் நிற்கவில்லை.