முகாமுக்குப் பழைய துணி அனுப்பியது போதும்

மழைக்காலம் வந்தால் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் ஒரு செய்தி சுற்றும்: "இலங்கைத் தமிழர் முகாமுக்குப் பழைய துணி சேகரிக்கிறோம்." நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் வரத் தொடங்கியது 1983-இல். நாமோ இன்னமும் நேற்றுப் படகில் வந்து இறங்கியவர்களுக்குச் செய்வதையே செய்துகொண்டிருக்கிறோம். இன்று முகாமிலிருந்து கல்லூரிக்குப் போகும் பல பிள்ளைகளின் அம்மாவே இங்கே பிறந்தவர்தான்.

கும்மிடிப்பூண்டி, மண்டபம், கொட்டப்பட்டு, பவானிசாகர் என்று நூற்றுச் சொச்சம் முகாம்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள். பணக்கொடை என்னும் மாத உதவித்தொகை, ரேஷன், புது வீடுகள் என்று அரசு தன் பங்குக்குச் செய்கிறது. நம்மால் ஆகக்கூடியது வேறு.

வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முகாம் ஆண்களில் ஏகப்பட்ட பேர் பெயிண்டர்கள். தினக்கூலி, யாரும் காகிதம் கேட்பதில்லை, செக்கிங் நாளில் லீவு போட்டுக்கொள்ளலாம். செக்கிங் என்றால் வருவாய்த் துறை அதிகாரி வந்து ஆள் இருக்கிறதா என்று சரிபார்க்கும் நாள். வெளியூரில் வேலையாக இருந்தாலும் வந்து நின்றாக வேண்டும். எங்கள் வீட்டில் வேலை பார்த்த அண்ணன், பாதிச் சுவரில் பட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "நாளைக்கு செக்கிங் எண்டு சொல்லினம் அக்கா, ஒருநாள் பொறுப்பீங்களோ?" என்றார். நமக்கு ஒருநாள் பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்காகவே ஆளை மாற்றிவிடும் காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள்.

அவர் மகள் பி.காம். இண்டர்வியூவெல்லாம் தேறிவிடுகிறாள். அப்புறம் பாஸ்போர்ட் கேட்கிறார்கள், குடியுரிமை கேட்கிறார்கள், அங்கேயே நின்றுவிடுகிறது. ஹெச்.ஆரில் இருக்கும் நண்பர்களே, முகாம் அடையாள அட்டையைப் பார்த்ததும் ஃபைலை மூடாதீர்கள். மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். "நம்ம பிள்ளைகளுக்கே வேலை இல்லையே" என்று கமெண்ட் வரும், தெரியும். இதே ஊர்ப் பள்ளியில், இதே பாடப் புத்தகத்தைப் படித்து வளர்ந்தவளை வேறு எந்த ஊர்ப் பிள்ளை என்று சொல்வது?

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுவது காகிதம். குடியுரிமைச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போய் இதை நிலைநாட்டி பாஸ்போர்ட் வாங்கினார். 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அந்தத் தேதிக்குப் பின் பிறந்தவர்களுக்கு இந்த வழி இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லும் நாடுகளிலும் இலங்கை கிடையாது. ஆனால் முன்னால் பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தாலும் பிறப்புச் சான்று கையில் இருக்க வேண்டுமே. மருத்துவமனைப் பதிவைத் தேட, தாமதப் பதிவுக்கு மனு எழுத, அலுவலகத்துக்குக் கூடவே போய் நிற்க ஆள் வேண்டும். இதற்குப் பணம் அவ்வளவாகத் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும்.

வெளியாட்கள் முகாமுக்குள் போக அனுமதி வாங்க வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி வரக்கூடிய வக்கீல் நண்பர்கள், தாலுகா அலுவலக நடைமுறை தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள்.